வளைகாப்புக்குப் பிறகு யார் பார்ப்பது?

கர்ப்பகாலச் சிக்கல்களில் ரத்தக் கொதிப்பு மிகவும் தந்திரமானது. போன மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாம் சரி என்று சொல்லி அனுப்பப்பட்டவருக்கு இந்த வாரமே ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டியிருக்கலாம். 20 வாரத்துக்குப் பிறகு இப்படி ஏறி, சிறுநீரில் புரதமும் கலந்தால் மருத்துவர்கள் அதை பிரீஎக்ளாம்ப்சியா என்பார்கள். முற்றினால் வலிப்பு, பக்கவாதம், குழந்தை இழப்பு. இதன் அறிகுறிகளான தலைவலியையும் கண் மங்கலையும் சூடு என்றும், மேல்வயிற்று வலியை வாய்வு என்றும் வீட்டில் தள்ளிவிடுவார்கள். ஆகவே ஊரிலேயே சுகாதார வேலை பார்க்கும் ஆஷா பணியாளரிடம் ரத்த அழுத்தக் கருவியையும் செல்போன் செயலியையும் கொடுத்து வீட்டுக்கே அனுப்பினால் என்ன என்ற யோசனை இயல்பானது.

அதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். 2014-க்கும் 2017-க்கும் இடையே கர்நாடகத்தின் பெலகாவி, பாகல்கோட் மாவட்டங்களிலும், பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலும், மொசாம்பிக்கிலும் ‘கிளிப்’ என்ற பெயரில் பெரிய ஆய்வு நடந்தது. செயலி கேள்விகளை வரிசையாகக் கேட்கும். அழுத்தத்தை அளந்து சொன்னால், மருத்துவமனைக்கு உடனே போக வேண்டுமா, ஒரு நாளுக்குள் போனால் போதுமா என்று சொல்லும். தேவைப்பட்டால் மாத்திரையும் அங்கேயே உண்டு. 2020-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒட்டுமொத்த முடிவு ஏமாற்றமே: தாய், சேய் இறப்பும் பாதிப்பும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆனால் எட்டு முறையோ அதற்கு மேலோ பார்க்கப்பட்ட பெண்களிடம் பாதிப்பு குறைவாக இருந்தது. குறைமாதத்தில் பிரசவித்தவருக்கு எட்டுச் சந்திப்புக்கு நேரமே இருந்திராதே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்; அந்த எண்ணை முழு நிரூபணமாக எடுத்துக்கொள்ள முடியாது. இருந்தாலும், உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே எட்டுச் சந்திப்புகளைப் பரிந்துரைத்திருக்கிறது. செயலியைவிட, திரும்பத் திரும்ப வரும் ஆள்தான் முக்கியம் என்றே நான் வாசிக்கிறேன்.

எங்கள் புதுச்சேரிக்கு இதெல்லாம் எதற்கு, ஜிப்மர் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறதே என்பார்கள். மீனவ ஊரான வீராம்பட்டினத்திலிருந்து பெரிய மருத்துவமனை தூரமில்லை என்பது உண்மை. மருத்துவமனை பக்கத்தில் இருந்தாலும், போக வேண்டும் என்று தெரிந்தால்தானே போவார்கள்? தகவலை ஊருக்கே கொண்டுவரும் முயற்சி இங்கே புதிதல்ல. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. அலையின் உயரத்தை இணையத்தில் பார்த்து, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கடல் எல்லோருக்கும் பொது என்பதால் ஓர் அறிவிப்பு போதுமாக இருந்தது. ரத்த அழுத்தம் அப்படியில்லை. ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறித்தான் ஆக வேண்டும்.

எந்த வீட்டுப் படி என்பதில்தான் இங்கே சிக்கல். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் முதல் பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போகிறாள். கொதிப்பு பெரும்பாலும் தலைகாட்டும் கடைசி மாதங்களும் அவைதான். புதுச்சேரியின் பாகூரில் வாழ்க்கைப்பட்டவளின் தாய்வீடு தமிழ்நாட்டின் கடலூர்ப் பக்கம் இருந்தால் மாவட்டம் மட்டுமல்ல, அரசாங்கமே மாறிவிடுகிறது. இந்த ஊர் ஆஷாவின் பதிவேட்டில் அவள் பெயர் இருக்கும், ஆள் இருக்கமாட்டாள். அந்த ஊர் கிராம சுகாதார செவிலியருக்கு அவள் வந்ததே தெரியாமல் போகலாம். தமிழ்நாட்டில் 2008-லிருந்து கர்ப்பிணிகளுக்கான ‘பிக்மி’ கணினிப் பதிவு இருக்கிறது. பிறப்புச் சான்றிதழுக்கும் அதன் எண்ணைக் கேட்கிறார்கள். எண் மட்டும் போய்ச் சேர்ந்தால் போதாது, கடைசியாக அளந்த அழுத்தமும் கூடவே போக வேண்டும். செல்போனுக்கு இங்கே உருப்படியான வேலை அதுதான்.

ஆஷாக்களுக்கு ஏற்கெனவே வேலை தலைக்கு மேல் என்ற ஆட்சேபத்தை என்னால் மறுக்க முடியவில்லை. ஊக்கத்தொகையை நம்பி ஓடுகிறவர்களிடம் நோட்டிலும் எழுது, போனிலும் ஏற்று என்றால் இரண்டுமே அரைகுறையாகும். செயலி வரும் நாளிலேயே நோட்டை எடுத்துவிட வேண்டும், ஒவ்வொரு கூடுதல் சந்திப்புக்கும் பணமும் தர வேண்டும்.