கழுத்துக்கு மேல் இல்லாத படம்

குழந்தைகளின் உடல் பருமனைப் பற்றிச் செய்தி வந்தால் கூடவே ஒரு படமும் வந்துவிடுகிறது. சட்டைப் பொத்தான் தெறிக்கிற வயிறு, கையில் ஒரு பர்கர். கழுத்துக்கு மேல் இருக்காது. அடையாளம் தெரியக் கூடாதென்றுதான் முகத்தை வெட்டுகிறார்கள். ஆனால் திருச்சி புத்தூர் நால்ரோடு டீக்கடையில் பேப்பர் புரட்டும் அப்பாவை ஒட்டி நிற்கிற ஏழாம் வகுப்புப் பையன் அதில் தன் வயிற்றைத்தான் பார்க்கிறான். பள்ளியில் அவனுக்கு ஏற்கெனவே ஒரு பட்டப்பெயர் இருக்கும். அமெரிக்க இணையச் செய்திகளைப் பற்றி 2011இல் வெளியான ஓர் ஆய்வு, பருமனானவர்களைக் காட்டிய படங்களில் 72 சதவீதம் அவர்களை இழிவுபடுத்துவதாகக் கண்டது.

படத்துக்கு அடுத்தது எண். உலகில் 5 முதல் 19 வயது வரையான பிள்ளைகளில் பருமனானவர்கள் 9.4 சதவீதம், எடை குறைந்தவர்கள் 9.2 சதவீதம் என்று 2025 செப்டம்பரில் யுனிசெஃப் சொன்னது. பட்டினியைப் பருமன் முந்திவிட்டது என்று தலைப்புப் போடக் கை பரபரக்கும். சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவுக்கும் தெற்காசியாவுக்கும் இது பொருந்தாது என்று அதே அறிக்கையில் இருக்கிறது. நாம் இருப்பது தெற்காசியாவில்.

அதற்காக நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. இந்தியாவில் 1990இல் சுமார் 4 லட்சமாக இருந்த பருமனான பிள்ளைகள் 2022இல் 1.25 கோடி ஆகிவிட்டார்கள் என்று 2024இல் லான்செட் இதழ் வெளியிட்டது. அதே கணக்கில் ஐந்தில் ஒரு பிள்ளை மெலிந்து கிடந்தது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 4.3 சதவீதம் அதிக எடை. 25 சதவீதத்துக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. இரண்டையும் சேர்த்துப் போட்டால்தான் செய்தி முழுமையாகும்.

பெட்டிச் செய்தியில் வரும் பி.எம்.ஐ. (உடல் நிறைக் குறியீடு) 25, 30 என்ற கணக்கு பெரியவர்களுக்கானது. குழந்தைக்கு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்து வளர்ச்சி வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும். அப்பாவின் அளவுகோலை மகனுக்கு வைத்துவிட்டுப் பயப்படுகிற வீடுகளும் உண்டு, பயப்படாமல் விட்டுவிடுகிற வீடுகளும் உண்டு.

எனக்கு அதிகம் உறுத்துவது, பழி யார் தலையில் விழுகிறது என்பது. ‘அம்மாக்களே, உஷார்’ என்று தொடங்கி, டிபன் பாக்ஸில் என்ன வைக்க வேண்டும் என்பதோடு கட்டுரை முடிந்துவிடும். 2000 முதல் 2009 வரை வந்த அமெரிக்கச் செய்திகளை ஆராய்ந்தவர்களும் தனிமனிதப் பழக்கத்தை மாற்றச் சொல்வதே அதிகம் என்றார்கள். தொலைக்காட்சியில் அது இன்னும் கூடுதல். பள்ளி, தெரு, உணவுத் தொழில் இவற்றைத் தொட்டுப் பேசியவை பெரும்பாலும் செய்தித்தாள்கள்தான். பள்ளிக்கூட வாசலில் சரம் சரமாகத் தொங்கும் பத்து ரூபாய் பாக்கெட்டையும், பிள்ளைகள் ஓடியாட இடமில்லாமல் போனதையும் ஓர் அம்மா தனியாக எப்படிச் சமாளிப்பாள்?

‘கொழுகொழு’ என்பது இன்றும் நமக்குப் பாராட்டு. பிள்ளை வயிறு நிறைய வேண்டும் என்று ஏங்கிய ஊர் இது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது இதே திருச்சியை ஒட்டிய பாப்பாக்குறிச்சியில். அந்தப் பசியின் நினைவு உள்ள பாட்டியிடம் ‘குழந்தைக்கு அதிகம் ஊட்டாதீங்க’ என்று ஒரு வரியில் சொல்லிவிட முடியாது. அவருக்குப் புரிகிற மாதிரி எழுதிய கட்டுரை என் கண்ணில் அரிதாகவே படுகிறது.

விளம்பரத்தை நம்பி வாழும் ஊடகம் சொல்லத் தயங்குவதைச் சில நேரம் ஒரு கைப்பேசி சொல்லிவிடுகிறது. 2023 ஏப்ரலில் போர்ன்விட்டா என்ற பானப் பொடியின் சர்க்கரையைப் பற்றி ஓர் இளைஞர் வீடியோ போட்டார். நிறுவனத்தின் வக்கீல் நோட்டீஸ் வந்ததும் அதை நீக்கினார். அதற்குள் அது நாடெங்கும் பரவியிருந்தது. பின்னர் 100 கிராமில் 37.4 கிராமாக இருந்த சேர்த்த சர்க்கரை 32.2 ஆகக் குறைந்தது. 2024 ஏப்ரலில், இணைய வணிகத் தளங்கள் இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ வரிசையிலிருந்து எடுக்க வேண்டும் என்று மத்திய வர்த்தக அமைச்சகம் அறிவுறுத்தியது.

போன வாரம் வயலூர் சாலையில் ஒரு மளிகைக் கடை. “இதுல சர்க்கரை எவ்வளவுண்ணே?” என்று ஓர் அம்மா கேட்டார். “பின்னாடி போட்டிருக்கும், பாருங்கம்மா.” எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. கைப்பேசியில் படமெடுத்து, விரலால் பெரிதாக்கி, நூறு கிராமுக்கு என்று போட்டிருந்ததை ஒரு கரண்டிக்கு எவ்வளவு என்று நின்றபடியே கணக்குப் போட்டார். பிறகு டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.