செவிலியர் கையால் தடுக்கக்கூடிய புற்றுநோய்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் திடீரென்று வருவதல்ல. எச்.பி.வி. என்னும் வைரஸ் பாலுறவின் வழியே பரவிக் கர்ப்பப்பையின் வாய்ப்பகுதியில் தங்குகிறது. பெரும்பாலோருக்கு உடலே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் அது நிலைத்து, அங்குள்ள செல்களை மாற்றத் தொடங்கும். அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வலியோ உதிரப்போக்கோ இல்லாத அந்தக் காலத்திலேயே கண்டுகொண்டால் நோய் வராமலே தடுத்துவிடலாம். இந்த நோய்க்கு வைரஸே காரணம் என்று நிறுவிய ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹௌசன் 2008-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார்.

வசதியான நாடுகள், கர்ப்பப்பை வாயின் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனையின் மூலம் இந்த நோயை வெகுவாகக் குறைத்தன. ஆனால் அதற்கு ஆய்வகம் வேண்டும், செல்களைப் பார்த்துச் சொல்லப் பயிற்சி பெற்றவர் வேண்டும், முடிவைக் கேட்கப் பெண் மறுபடி வர வேண்டும். கிராமங்களில் இவை கூடிவருவது அரிது. எனவே எளிய வழி ஒன்று தேடப்பட்டது. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மாறுதலுக்குள்ளான இடம் வெளுத்துத் தெரியும். முடிவு அங்கேயே கிடைத்துவிடும். பயிற்சி பெற்ற செவிலியரே இதைச் செய்யலாம்.

இந்த முறை உயிரைக் காக்குமா என்பதைத் தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வு தெளிவாக்கியது. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய மருத்துவமனை, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஆகியவை இதில் பங்கேற்றன. மாவட்டத்தின் 114 பகுதிகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. 57 பகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குச் செவிலியர்கள் பரிசோதனை செய்தனர். மற்ற 57 பகுதிகளில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும் தொடர்ந்தது. 2000 முதல் 2003 வரை 31,343 பெண்கள் பரிசோதிக்கப்பட்டனர். தகுதியுள்ளவர்களில் இது ஏறத்தாழ 64 சதவீதம். அவர்களில் 3,088 பேருக்கு வெளுத்த பகுதி தென்பட்டது. தேவைப்பட்டவர்களுக்கு அந்த இடத்தை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையையும் செவிலியர்களே அதே வருகையில் அளித்தனர். பெரிய பாதிப்பு உள்ளவர்கள் மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டனர்.

2007-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவுகள் வெளியாயின. பரிசோதனை நடந்த பகுதிகளில் இந்த நோய் வருவது 25 சதவீதமும், அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்திருந்தன. 30 முதல் 39 வயதுப் பெண்களுக்கே பயன் மிகுதி. வாழ்நாளில் ஒரே ஒரு முறை, செவிலியர் கையால் செய்யப்பட்ட பரிசோதனை இத்தனை உயிர்களைக் காத்தது. அதே வேளையில், ஒப்பீட்டுக்காகச் சில பகுதிப் பெண்களைப் பரிசோதனையின்றி விட்டது முறையா என்ற கேள்வியும் பின்னர் எழுந்தது. ஆய்வில் பங்கேற்போர் நலனே முதன்மை என்பதை அந்த விவாதம் நினைவூட்டியது.

தமிழ்நாடு அரசின் சுகாதாரத் திட்டம் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் இந்தப் பரிசோதனையை முன்னோடியாக நடத்திப் பார்த்து, 2012 முதல் மாநிலமெங்கும் விரிவாக்கியது. இன்று அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இதற்குக் கட்டணம் இல்லை. ஆயினும் 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை செய்திருந்தார். நாடு முழுவதற்குமான அளவு 2 சதவீதத்தையும் எட்டவில்லை.

வசதி இருந்தும் பெண்கள் ஏன் வருவதில்லை என்பதற்கான விடை ஊர்களின் அன்றாட வாழ்வில் இருக்கிறது. தென்காசி மாவட்டத்தின் புளியங்குடி எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போன ஊர். அந்த வட்டாரத்தில் வயல் வேலையும் பீடி சுற்றுவதும் ஏராளமான பெண்களின் பிழைப்பு. ஒரு நாள் மருத்துவமனைக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். உடலில் தொந்தரவு எதுவும் இல்லாதபோது எதற்குப் போக வேண்டும் என்ற எண்ணம் ஒரு பக்கம். அந்தரங்க உறுப்பைக் காட்டும் கூச்சமும், புற்றுநோய் என்ற பெயரே தரும் அச்சமும் மறுபக்கம். வீடு தேடி வந்து பேசும், தடுப்பூசி நாளிலும் பிரசவ நேரத்திலும் பழகிய நர்ஸம்மா சொன்னால்தான் இந்தத் தடைகள் தளரும். பரிசோதிக்கும் திறன் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் பொறுமையாக விளக்கும் திறனும். செவிலியர் கல்வியில் இரண்டுக்கும் சம இடம் வேண்டும்.

இதே நோயின் தடுப்பு பள்ளி மாணவிகளிடமிருந்தே தொடங்குகிறது. எச்.பி.வி. தடுப்பூசியை வைரஸ் தொற்றுவதற்கு முன், இளம் வயதில் போட்டால் பலன் அதிகம். 2009-இல் 10 முதல் 18 வயதுப் பெண்களிடம் இந்தியாவின் பல இடங்களில் தொடங்கிய ஆய்வில் அம்பிளிக்கையும் ஒரு களம். இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்பதே அதன் கேள்வி. அந்த நேரத்தில் ஆந்திரத்திலும் குஜராத்திலும் நடந்த வேறொரு தடுப்பூசித் திட்டத்தில் சில சிறுமிகள் இறந்தனர். இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று விசாரணை கூறியது. ஆனால் விடுதி மாணவிகளுக்குப் பெற்றோரிடம் கேட்காமல் காப்பாளர்களே ஒப்புதல் கையெழுத்திட்டது கடும் கண்டனத்துக்கு உள்ளானது. 2010 ஏப்ரலில் மத்திய அரசு எல்லா எச்.பி.வி. ஆய்வுகளிலும் தடுப்பூசி போடுவதை நிறுத்தியது. இதனால் ஏறத்தாழ 5,000 பெண்களுக்கு ஒரே தவணையோடு நின்றுபோனது. பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், புற்றுநோய்க்கு முதன்மைக் காரணமான 16, 18 வகை வைரஸ்களின் நிலைத்த தொற்றிலிருந்து அந்த ஒரு தவணையே ஏறத்தாழ 95 சதவீதப் பாதுகாப்பைத் தந்தது தெரிந்தது. 9 முதல் 20 வயது வரை ஒரு தவணையும் போதும் என்று 2022-இல் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்ததற்கு இந்தச் சான்றும் துணைநின்றது.

தமிழ்நாடு அரசு 2025–26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக இந்தத் தடுப்பூசி போடுவதாக அறிவித்தது. ஊசி போடுவதோடு பள்ளியின் வேலை முடியாது. மாதவிடாய், உடல் மாற்றங்கள், தொற்று ஆகியவற்றைப் பற்றி மாணவிகள் கூச்சமின்றிக் கேட்கவும், பெற்றோர் முழுதாகப் புரிந்துகொண்டு ஒப்புதல் தரவும் இடம் இருக்க வேண்டும். 2010-இன் பாடம் அதுதான்.

2030-க்குள், சிறுமிகளில் 90 சதவீதத்தினருக்கு 15 வயதுக்குள் தடுப்பூசி, 35, 45 வயதுகளில் 70 சதவீதப் பெண்களுக்குப் பரிசோதனை, பாதிப்பு கண்டவர்களில் 90 சதவீதத்தினருக்குச் சிகிச்சை என்பது உலக சுகாதார அமைப்பின் இலக்கு. இதை எட்ட உதவும் வழி ஒன்று தமிழ்நாட்டுக் கிராமங்களிலேயே சோதித்துத் தெளியப்பட்டது. இனி வேண்டியவை ஒவ்வொரு ஊரிலும் போதிய செவிலியர்கள், அவர்களுக்கு முறையான பயிற்சி, பெண்கள் கூலியை இழக்காமல் வந்துபோக ஏற்ற நேரம் ஆகியவையே.