குவியல் முழுக்க ஒருத்தருக்கே

வெள்ளகோவில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சூரியகாந்தி விதை ஏலம் நடக்கும் நாளில் ஒருமுறை போய் நின்று பாருங்கள். ஒவ்வொரு விவசாயியின் விதையும் தனித்தனியாகக் கிடக்கும். எண்ணெய் மில்காரர்கள் குனிந்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, ஊதிப் பார்த்து, சீட்டில் விலை எழுதிப் போடுவார்கள். அடுத்தவரைவிடப் பத்துக் காசு கூட எழுதியவருக்குக் குவியல் முழுக்க. இரண்டாவது விலை எழுதியவருக்கு ஒரு படி விதைகூடக் கிடையாது.

"நாங்க எந்தக் கட்சி ஊருன்னு கேக்கறீங்க. சட்டசபைக்குப் போன ஆளைப் பாத்துச் சொன்னா அது பொய்யிங்க தம்பி" என்றார் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த பெரியவர். "ரெண்டாவது சீட்டு எழுதுனவனும் இந்த ஊர்க்காரன்தானுங்களே?"

ஒரு மாநிலத்தின் மனசு எந்தக் கட்சிப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை அது தேர்ந்தெடுத்தவர்களின் தலையை எண்ணிச் சொல்லிவிட முடியுமா என்று பத்திரிகை ஆசிரியர் என்னிடம் கேட்டார். பெரியவரின் பதிலையே எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால், கட்டுரைக்கு எண்கள் வேண்டுமே.

2021இல் காங்கேயம் தொகுதியில் திமுக வென்றது; அதிமுக தோற்றது. நடுவில் ஏழாயிரத்துச் சொச்சம் வாக்கு. போட்ட வாக்கில் வென்ற கட்சிக்குக் கிடைத்தது பாதிக்கும் கீழே. பக்கத்துத் தாராபுரத்தில் வித்தியாசம் 1,393. மொடக்குறிச்சியில் 281, ஒரு கல்யாண மண்டபத்தின் முதல் பந்தியில் உட்காரும் கூட்டம். கோவை தெற்கில் மும்முனைப் போட்டி. வென்றவர் வாங்கியது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கோவை மாவட்டத்தில் பத்துக்குப் பத்தும் அதிமுக அணிக்கு. திருப்பூர் மாவட்டத்தில் எட்டில் ஐந்து அவர்களுக்கு, மூன்று திமுகவுக்கு. டிவி வரைபடத்தில் கோவை முழுக்கப் பச்சை. அந்தப் பச்சைக்கு அடியில் எதிரணிக்கு ஓட்டுப் போட்ட லட்சக்கணக்கான பேர் இருக்கிறார்கள்.

மாநில அளவில் போனால் இன்னும் வேடிக்கை. 1991இல் திமுக வாங்கிய வாக்கு 22 சதவீதத்துக்கு மேல், கிடைத்த இடம் 2. ஐந்தே வருஷத்தில் தட்டு கவிழ்ந்தது: 1996இல் அதிமுகவுக்கு 21 சதவீதத்துக்கு மேல், இடம் 4. 2016இல் அதிமுகவுக்கும் திமுக கூட்டணிக்கும் நடுவே ஒரு சதவீதம் அளவுக்குத்தான் வாக்கு வித்தியாசம். இடமோ 134, 98. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடமும் ஒரே அணிக்கு, சுமார் 47 சதவீத வாக்கில். நூற்றில் மீதி 53 பேர் எங்கே என்று டெல்லியில் யாரும் கேட்கப் போவதில்லை.

இதில் ஒரு சூதானம் வேண்டும். 2006இல் அதிமுக தனிக் கட்சியாக 32 சதவீதத்துக்கு மேல் வாங்கி 61 இடம் பிடித்தது. திமுக 26 சதவீதச் சொச்சத்தில் 96. அநியாயம் என்று தோன்றும். ஆனால் அதிமுக நின்றது 188 தொகுதியில், திமுக 132இல்தான். கூட்டணிக்கு விட்டுக் கொடுத்த இடங்களில் திமுககாரர் போட்ட ஓட்டு கைக்கும் மற்ற சின்னங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. சின்னம் விஷயம் கொங்கில் இன்னும் குழப்பம். 2016இல் காங்கேயத்தில் வென்றது தமிழ்நாடு கொங்கு இளைஞர் பேரவை. விழுந்த ஓட்டெல்லாம் இரட்டை இலைக்கு. அந்த ஓட்டை எந்தக் கட்சியின் கணக்கில் எழுதுவது?

கடல் தாண்டி ஒரு கதை. இலங்கையில் 1970 தேர்தலில் வாக்கு எண்ணிக்கையில் முதலிடம் ஐக்கிய தேசியக் கட்சிக்கு, சுமார் 38 சதவீதம். கிடைத்த இடம் 17. அதைவிடக் குறைவாக வாங்கிய சுதந்திரக் கட்சிக்கு 91. ஏழு வருஷம் கழித்துச் சுதந்திரக் கட்சியின் முறை: ஏறக்குறைய 30 சதவீத வாக்கு, 8 இடம். அதில் நாலில் ஒரு பங்கு வாக்குகூட வாங்காத தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 இடம், கூடவே எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலி. அவர்கள் வாக்கு வடக்கிலும் கிழக்கிலும் குவிந்து கிடந்தது, அவ்வளவுதான் சூட்சுமம். 1978 அரசியலமைப்பில் விகிதாசார முறைக்கு மாறிவிட்டார்கள். இங்கேயும் 1999இல் சட்ட ஆணையம் தன் 170ஆவது அறிக்கையில் கொஞ்ச இடங்களைக் கட்சிகளின் வாக்கு விகிதப்படி நிரப்பலாம் என்று எழுதி வைத்தது. இப்போதுள்ள முறையில்தான் ஆட்சி நிலையாக இருக்கும் என்று வாதிடுவோரும் உண்டு. இருக்கட்டும்.

வெள்ளகோவிலுக்கு வருவோம். 2006 வரை இந்த ஊர் பேரிலேயே ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2008 மறுசீரமைப்பில் அது போயிற்று, காங்கேயத்தோடு சேர்த்துவிட்டார்கள். (அந்தக் காங்கேயமும் 1991இல் ஒருவரை ஜெயிக்க வைத்து, அவர் பர்கூரை வைத்துக்கொண்டு இதைக் கைவிட்ட தொகுதிதான். யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.) ஈரோடு மாவட்டத்தில் இருந்த ஊர் 2009இல் திருப்பூர் மாவட்டம் ஆனது. மக்களவைக்கு மட்டும் இன்னும் ஈரோடு. கலெக்டரைப் பார்க்க மேற்கே, எம்.பி.யைப் பார்க்க வடக்கே. ஊர் என்ன நினைக்கிறது என்று தனியாகச் சொல்ல ஒரு எண் இருந்தது. இப்போது அது சென்னிமலை பெட்ஷீட்காரர்களின் எண்ணோடு கலந்து கிடக்கிறது.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் ஓட்டுப் போட்டவர்களைப் பற்றியது. என்னை உறுத்துவது வேறு.

இங்கே ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில்கள் நிறைய. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வெட்டி விழுகிற கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாக இங்கே வந்து, பிரிந்து பஞ்சாகி, மறுபடி நூலாகிக் கோனில் ஏறுகிறது. அதை ஓட்டுகிற கைகளில் பாதி வெளியூர்க் கைகள். ஒடிசா, பீகார் பையன்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரத்துக்காரர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தேர்தலுக்கு முந்தின ராத்திரி இந்தச் சாலையில் நின்றால் தெரியும். கோவையிலிருந்து கரூர் வழியாகத் திருச்சி போகிற பஸ் எதுவும் நிற்காது. நிற்கிற பஸ்ஸில் படிக்கட்டு வரை ஆள். கட்டைப்பை, தூங்குகிற குழந்தை, டிரைவர் பக்கத்தில் கியர் பெட்டிமேல் ஒரு கிழவி. ஓட்டு ஊர் போகிறது.

போகிறவர்கள் கொஞ்சம், போகாதவர்கள்தான் அதிகம். மில் பின்கட்டு டீக்கடையில் பார்த்தவர் கார்டிங்கில் வேலை செய்கிறார், மன்னார்குடிப் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்கும் வயசு. தலைமயிரில் பஞ்சுத் தூசி அப்படியே இருந்தது.

"ஓட்டு எங்கண்ணே?"

"ஊர்லதான்."

"போட்டு எவ்வளவு நாளாச்சு?"

விரல் விட்டார். "நம்ம அப்பா சாவுக்குப் போன வருசம் ஊராட்சித் தேர்தல் வந்துச்சு. அப்பப் போட்டேன்."

தேர்தல் நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 135பி பிரிவு இருக்கிறது. அது ஒரு நாளைக்கு. அவர் ஊர் போய்த் திரும்ப மூன்று நாள் ஆகும். மீதி இரண்டு ஷிப்டு கூலி போகும், பஸ் செலவு தனி. குடியிருக்கிற ஊரிலேயே பேர் சேர்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. படிவம் 8 கொடுத்தால் போதும். ஏன் கொடுக்கவில்லை என்றேன். ஊரில் பேரை எடுத்துவிட்டால் ரேஷன் கார்டுக்கு ஏதாவது ஆகிவிடுமோ, வீட்டுமனைப் பட்டாவில் அண்ணன்காரர் ஏதாவது பண்ணிவிடுவாரோ என்கிற பயம். ஓட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நான் சொன்னதை மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார்.

இருந்த இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போட ஓர் இயந்திரம் செய்து, அதைக் காட்ட 2023 ஜனவரியில் கட்சிகளைக் கூப்பிட்டது தேர்தல் ஆணையம். ஒரே பெட்டியில் 72 தொகுதி. கட்சிகள் ஆயிரம் சந்தேகம் கேட்டன, அதோடு நின்றது. ஆயிரம் என்றதும் ஞாபகம் வருகிறது: 1996இல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் கோரிக்கைக்காக வேட்பாளராகக் குவிந்து, 1,033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்கள். அப்புறம் சட்டமன்ற டெபாசிட் 250லிருந்து 5,000 ரூபாய் ஆனது. ஆயிரம் பேர் நிற்பதற்கு அப்போது ஒரு வழி கண்டுபிடித்த தேசம் இது. ஓட்டே இல்லாமல் நிற்கிறவனுக்கு இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

காங்கேயத்தின் ஏழாயிரத்தையும் தாராபுரத்தின் ஆயிரத்துச் சொச்சத்தையும் மொடக்குறிச்சியின் 281ஐயும் மறுபடி எடுத்துப் பாருங்கள். இந்தப் பக்கத்து மில் குவார்ட்டர்ஸ்களில் படுத்திருக்கிறவர்கள் இந்தப் பட்டியலில் இருந்திருந்தால் எந்தப் பக்கம் சாய்ந்திருப்பார்கள்? தெரியாது. அவர்களை வைத்துத்தான் இந்த ஊர் ஓடுகிறது. வேஸ்ட் பஞ்சுக்குக்கூட இங்கே கணக்கு உண்டு, எந்த லாரியில் எத்தனை கிலோ என்று.

மன்னார்குடிக்காரரிடம் கடைசியாக, இங்கே ஓட்டு இருந்தால் எந்தக் கட்சிக்குப் போடுவீர்கள் என்று கேட்டேன். தெருவைப் பார்த்தார். மழை பெய்தால் குவார்ட்டர்ஸ் வாசலில் முழங்கால் தண்ணி நிற்கும், எந்த வார்டு கவுன்சிலர், எங்கே அடைப்பு, எல்லாம் சொன்னார். பேர் பேராக. சரி, ஊரில் இப்போது உங்கள் எம்.எல்.ஏ. யார் என்றேன்.

"இருங்க, வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று போனை எடுத்தார். அதற்குள் ஷிப்டு சங்கு ஊதிவிட்டது.