உங்களுக்குத் தெரியுமா? கூரையைக் காத்த கோர முகங்கள்

ரோமானியப் பேரரசுக்கு முன்பே இத்தாலியில் செழித்தவர்கள் எட்ருஸ்கர்கள். மரத்தாலும் பச்சைச் செங்கல்லாலும் கோயில் கட்டினார்கள். கூரை ஓட்டு வரிசைகளின் முனைகளை, மழைநீர் புகாதபடி சுடுமண் வில்லைகளால் அடைத்தார்கள். அவற்றில் புராண உருவங்களை அச்சில் வார்த்து வண்ணம் தீட்டினார்கள்.

எட்ருஸ்கர்களின் வெயி நகரக் கோயிலில் (சுமார் கி.மு. 510) கிடைத்த, கோர்கன் என்ற கிரேக்கப் புராண அரக்கியின் முகத்தைப் பாருங்கள்: உருட்டிய விழிகள், தொங்கும் நாக்கு, கோரைப்பற்கள், சுற்றிலும் பாம்புகள்! தீய சக்திகளை விரட்டவே இந்தக் கோரம்.

இன்னொரு எட்ருஸ்க நகரமான தார்குவீனியாவின் கோயில் முகப்பை அலங்கரித்தவை இரண்டு சிறகுக் குதிரைகள். கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இவை, 1938இல் துண்டு துண்டாகக் கண்டெடுக்கப்பட்டன. ஒட்டிச் சேர்க்கப்பட்ட அந்த அற்புதச் சிற்பம் இன்று அவ்வூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.