கணினியின் பின்னறை வேலையாட்கள்

மாத முடிவில் வசூலுக்காக மண்டைதீவுக்குப் போவது என் வழக்கம். யாழ்ப்பாணத்துக்கு ஆகக் கிட்டிய தீவு அது. பண்ணைப் பாலம் கடந்து மண்டைதீவுச் சந்தியால் திரும்பினால் போதும். அங்கே ஆணி, கயிறு, பெயின்ட், வலைச் சாமான் விற்கும் ஒரு தம்பிக்குப் பல வருடங்களாகக் கடனுக்குச் சரக்குக் கொடுத்து வருகிறேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. வீட்டுக் கணினியில் கணக்கைத் திறந்து நிலுவையை அச்செடுத்துத் தருவார். என் பில் புத்தகத்துடன் ஒத்துப் பார்ப்போம். ஐந்து நிமிட வேலை.

அன்று போனபோது தம்பி தலையில் கை வைத்தபடி இருந்தார். "நானா, பிரிண்டரும் வேலை செய்யுதில்லை, இன்டர்நெட்டும் இல்லை. மகன் ஏதோ செய்துபோட்டான்" என்றார்.

உயர்தரம் படிக்கும் மகன் நல்ல நோக்கத்தில்தான் செய்திருக்கிறான். பழைய கணினி, திறக்கவே ஐந்து நிமிடம் எடுக்கும். "தேவையில்லாத சேர்விஸ்களை நிறுத்தினால் வேகம் கூடும்" என்று யாரோ ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவற்றை ஒரே இருப்பில் நிறுத்திவிட்டான். எவற்றை நிறுத்தினோம் என்று ஒரு துண்டுக் கடதாசியில்கூட எழுதி வைக்கவில்லை.

நான் கணினி படித்தவன் அல்லன். பள்ளிக்கூடப் படிப்போடு கடைக்கு வந்தவன். ஆனாலும் இருபது வருடமாக என் கடைக் கணக்கைக் கணினியில் வைத்திருப்பதால் கொஞ்சம் அனுபவம் உண்டு. 'பிரிண்ட் ஸ்பூலர்' என்ற சேர்விஸை மீண்டும் இயக்கினோம், பிரிண்டர் வந்தது. 'டி.எச்.சி.பி. கிளையன்ட்' என்பதை இயக்கினோம், இன்டர்நெட் வந்தது. தேநீர் குடித்துவிட்டு, காசையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது. பயப்படத் தேவையில்லை, வெளியே ஒரு டிஸ்கில் பிரதி இருக்கிறது என்று நினைத்துத் திறந்தால், மகன் சேர்விஸ்களை நிறுத்திய நாளோடு பிரதியும் நின்றிருந்தது. நிறுத்தப்பட்டவற்றில் 'பைல் ஹிஸ்டரி' என்பதும் ஒன்று. குறிப்பிட்ட இடைவெளியில், வழமையாக மணிக்கு ஒருமுறை, மாறிய கோப்புகளைப் பிரதி எடுத்து வைப்பது அதன் வேலை. பிரிண்டர் நின்றால் அன்றே தெரியும். பிரதி எடுப்பது நின்றால் தேவைப்படும் நாளில்தான் தெரியும். அன்று நானும் அதைத் தேடிப் பார்க்கவில்லை. அந்தப் பிழையில் எனக்கும் பங்குண்டு.

எனக்குத் தர வேண்டிய கணக்கு என் பில் புத்தகத்தின் கார்பன் பிரதியில் இருந்தது. "நானா சொல்றதுதான் கணக்கு" என்று தம்பி ஒத்துக்கொண்டார். அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் அவரிடம் கடனுக்கு வாங்கிய தொழிலாளிகளின் இரண்டு மாதக் கணக்குக்கு எழுத்து இல்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டார். அநேகமானோர் நேர்மையாகச் சொன்னார்கள். சிலருக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை. அந்தக் காசை அவர் விட்டுவிட்டார்.

எழுதிய கணக்கு இல்லாமல் போவதன் வேதனை எங்கள் சமூகத்துக்குப் புதிதல்ல. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் வெளியேற்றப்பட்டபோது, வாப்பாவின் கடன் கொப்பி கடை மேசை லாச்சிக்குள்ளேயே கிடந்துவிட்டது. யார் எங்களுக்குத் தர வேண்டும் என்பதைவிட, நாங்கள் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பது தெரியாமல் போனதே என்றுதான் வாப்பா கடைசிவரை வருந்தினார். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282 ஆவது வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை வியாபாரிகளாகிய நாம் மறக்கலாகாது. எழுதுவது மட்டுமல்ல, எழுதியதைப் பாதுகாப்பதும் அமானிதம்தான்.

சேர்விஸ் என்றால் என்ன?

கடையின் முன்பக்கத்தில் நிற்கும் சேல்ஸ்மேனை எல்லோரும் காண்பார்கள். பின்னறையில் மூட்டை இறக்குபவரையும், இரவுக் காவலாளியையும் வாடிக்கையாளர் காண்பதில்லை. அவர்கள் இல்லாவிட்டால் கடை நடக்காது. விண்டோஸில் நாம் திறக்கும் கணக்கு மென்பொருளும் பிரவுசரும் முன்பக்கத்து ஆட்கள். சேர்விஸ்கள் பின்னறை ஆட்கள். திரையில் முகம் காட்டாமல் பிரிண்டர், இன்டர்நெட், பாதுகாப்பு, அப்டேட் எல்லாவற்றையும் கவனிப்பவை அவையே.

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி 'சேர்விசஸ்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் பட்டியல் திறக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை நிலை உண்டு. 'ஒட்டோமெட்டிக்' என்றால் கடை திறக்கும்போதே வருபவர். 'டிலேய்ட் ஸ்டார்ட்' என்று கூடவே இருந்தால் சற்றுப் பிந்தி வருபவர். 'மெனுவல்' என்றால் கூப்பிட்டால் வருபவர். 'டிசேபிள்ட்' என்றால் கூப்பிட்டாலும் வரக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்.

இதில் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். மெனுவலில் இருந்து, ஓடாமல் இருக்கும் சேர்விஸ் கணினியின் நினைவகத்தில் இடம் பிடிப்பதில்லை. வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளம் இல்லாத ஆள் போல. அப்படியானவற்றைத் தேடித் தேடி டிசேபிள் செய்வதில் லாபம் இல்லை. தேவைப்படும் நாளில் அவர் வரமாட்டார் என்பதுதான் மிச்சம்.

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

வீட்டில் பிரிண்டரே இல்லையென்றால் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தலாம். 2021 ஜூலையில் இந்த ஸ்பூலரில் ஒரு பெரிய ஓட்டை வெளிப்பட்டபோது, அதை நிறுத்தி வைப்பதை ஒரு தற்காப்பாக மைக்ரோசொப்ட் நிறுவனமே சொன்னது. பெக்ஸ் சேர்விஸ் இன்று எவருக்கும் பெரிதாகத் தேவைப்படாது. 'சிஸ்மெயின்' என்பது நாம் அடிக்கடி திறக்கும் மென்பொருள்களை முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றி வைப்பது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள சில கணினிகளில் அது டிஸ்கை ஓயாமல் வேலை வாங்கும். அங்கே நிறுத்திப் பார்க்கலாம். 'விண்டோஸ் சேர்ச்' நின்றால் கோப்புத் தேடுவது தாமதமாகும், வேறு நட்டமில்லை.

'ஆர்.பி.சி.' என்று தொடங்குபவற்றைத் தொடவே கூடாது. மற்றச் சேர்விஸ்களில் பல அதில் தங்கியிருக்கின்றன. வைரஸ் தடுப்பு, பயர்வோல், பிரதி எடுப்பது, கணக்கு மென்பொருளின் தரவுகளைக் காப்பது ஆகியவற்றையும் விட்டுவிடுங்கள்.

டேட்டா காசு போகிறது என்று அப்டேட்டை நிறுத்துபவர்கள் நம்மில் அதிகம். 2003 ஓகஸ்டில் 'பிளாஸ்டர்' என்ற புழு கணினிகளைத் தானாக நிறுத்திவிட்டு ஆட்டிப் படைத்தபோது, அதற்கான திருத்தம் ஒரு மாதம் முன்பே வெளிவந்திருந்தது. 2017 மே 12 ஆம் திகதி 'வன்னாக்ரை' பரவி, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்டது. பிரித்தானிய வைத்தியசாலைகள்கூடத் தடுமாறின. அதற்கான திருத்தமும் அந்த மார்ச்சிலேயே வந்துவிட்டது. இரண்டு தடவையும் அடிபட்டவர்கள் அப்டேட் செய்யாதவர்கள்தான். டேட்டாவை மிச்சம் பிடிக்க வேறு வழி உண்டு. செட்டிங்ஸில் உங்கள் இணைப்பை 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்று குறித்துவிடுங்கள். பெரிய பதிவிறக்கங்களை விண்டோஸ் பெரும்பாலும் ஒத்திவைக்கும். வாரம் ஒருமுறை, டேட்டா மலிவான நேரத்தில், நீங்களே அப்டேட் செய்துகொள்ளலாம். விண்டோஸ் 10 இன் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

செய்யும் முறை

முதலில் கணக்குக் கோப்புகளை வெளி டிஸ்கில் பிரதி எடுங்கள். ஒரு 'ரீஸ்டோர் பொயின்ட்' உருவாக்குங்கள். அடுத்து ஒரு கொப்பியில் திகதி, சேர்விஸின் பெயர், முன்பிருந்த நிலை, மாற்றிய நிலை என நான்கு கட்டம் போடுங்கள். சேர்விஸின் மேல் இரண்டு தடவை கிளிக் செய்தால் அது என்ன செய்கிறது என்ற விளக்கம் வரும். 'டிபென்டன்சீஸ்' என்ற பக்கத்தில் அதில் தங்கியிருப்பவை எவை என்று இருக்கும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டிசேபிள் செய்யாமல் மெனுவலில் வையுங்கள். மறுபடி இயக்கி, இரண்டு நாள் பாவித்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

உண்மையில் வேகத்தைத் தின்பவை பெரும்பாலும் விண்டோஸின் சொந்த ஆட்கள் அல்ல. நாம் காலத்துக்குக் காலம் கொண்டுவந்து சேர்த்தவர்கள்தான். 'எம்.எஸ்.கொன்பிக்' என்பதைத் திறந்து, சேர்விசஸ் பக்கத்தில் மைக்ரோசொப்டின் சேர்விஸ்களை மறைக்கும் பெட்டியில் அடையாளமிடுங்கள். விற்றுவிட்ட பிரிண்டரின் மென்பொருள், மறந்துபோன விளையாட்டு எல்லாம் வெளியே தெரியும். அவற்றை முறையாக நீக்கிவிடுங்கள். டாஸ்க் மனேஜரின் 'ஸ்டார்ட் அப்' பக்கத்தையும் பாருங்கள். கணினி திறக்கும்போதே கூட்டமாக நுழைபவர்கள் அங்கே இருப்பார்கள்.

மண்டைதீவுத் தம்பி கணினிக்கு எஸ்.எஸ்.டி. டிஸ்க் போட்டுவிட்டார். முப்பது சேர்விஸை நிறுத்தி வராத வேகம் அதில் வந்தது. பிரதி எடுக்கும் வேலையை மகனிடமே ஒப்படைத்திருக்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் வெளி டிஸ்கைத் திறந்து, கடைசித் திகதியைப் பார்த்து, கொப்பியில் எழுதி அவன் கையொப்பம் வைக்க வேண்டும். போன மாதம் நான் போனபோது அந்தக் கொப்பியைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார்.

வாசகர்களே, இன்று இரவு கடை பூட்டிய பிறகு உங்கள் பிரதியின் கடைசித் திகதியை ஒருமுறை பாருங்கள். வேகத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம், இன்ஷா அல்லாஹ்.