வாப்பாவின் பெயரும் மாமனாரின் பெயரும்: மணமுடித்து வெளிநாடு செல்லும் பெண்களின் பெயர் மாற்றம்

போன நோன்புக்கு முந்திய வாரம், என்னிடம் படித்த பிள்ளையொருத்தி இங்கிலாந்திலிருந்து குரல்செய்தி அனுப்பியிருந்தாள். கலியாணம் முடித்துப் போய் ஐந்து வருடமாகிறது. "டீச்சர், சிட்டிசனுக்குப் போடப் போறம். அதுக்கு முந்தி இவர்ட குடும்பப் பேர என்ட பேரோட சேத்தா எல்லாம் லேசு எண்டு சொல்றாங்க. மாத்தவா, உடவா?" என்று கேட்டிருந்தாள்.

உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தேன், தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். நமது ஊர்களில் இருந்து மணமகளாக வெளிநாடு செல்லும் பிள்ளைகள் பலருக்கும் இந்தக் கேள்வி வருகிறது என்பதால், அவளுக்குச் சொன்னதையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் நமது பெயரின் அமைப்பைப் பார்ப்போம். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோருக்கு ஐரோப்பியர் கருதுகின்ற 'குடும்பப் பெயர்' என்று ஒன்று கிடையாது. வாப்பாவின் பெயர் முன்னே நிற்கும், சொந்தப் பெயர் பின்னே வரும். அதையே முதலெழுத்தாகச் சுருக்கி எழுதுவோம். பெண் மணமுடித்தாலும் அந்த முதலெழுத்து மாறுவதில்லை. கடவுச்சீட்டிலோ குடும்பப் பெயருக்கென்று ஒரு தனிக் கூடு இருக்கிறது. அதற்குள் வாப்பாவின் பெயர் போய் உட்கார்ந்து விடுகிறது. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஹனீபாவின் மகள் ரிஸ்னா, காசிமின் மகன் ரிபாஸை மணமுடிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கணவரின் குடும்பப் பெயரை எடுக்கச் சொன்னால் அவள் 'ரிஸ்னா காசிம்' ஆகிறாள். ஆனால் காசிம் என்பது அவளுடைய கணவரின் பெயரல்ல, மாமனாரின் பெயர்! ஆங்கிலேயர் முறையில் வாசித்தால் அவள் காசிம் குடும்பத்து மருமகள். நமது முறையில் வாசித்தால் காசிமின் மகள். பிறக்கும் குழந்தைக்கு நமது வழக்கப்படி வாப்பாவின் பெயரான ரிபாஸைக் குடும்பப் பெயராக இட்டால், ஒரே வீட்டில் ஹனீபா, காசிம், ரிபாஸ் என்று மூன்று குடும்பப் பெயர்கள் இருக்கும். நமக்கு இது இயல்பானது. விமான நிலையத்தில் கடவுச்சீட்டைப் புரட்டுகின்ற அதிகாரிக்கோ இது கேள்வியாகிறது.

இனி இங்கிலாந்தின் சட்டம். மணமுடித்த பெண் கணவரின் பெயரை எடுக்கவேண்டும் என்று அங்கே சட்டம் ஏதும் இல்லை. அது வழக்கம் மாத்திரமே. மணமான பெண்ணின் சட்ட இருப்பே கணவனுக்குள் அடங்கிவிடுகிறது என்று ஆங்கிலப் பொதுச்சட்டம் கருதிய காலத்தில் அந்த வழக்கம் வேரூன்றியது. 1870இலும் 1882இலும் வந்த மணமான பெண்களின் சொத்துச் சட்டங்கள் அந்தக் கருத்தைப் பெருமளவு தளர்த்தின. வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. இஸ்லாமிய சட்டத்திலே மனைவியின் சொத்து தொடக்கத்திலிருந்தே அவளுக்குரியது என்பதையும், நமது பெண்கள் வாப்பாவின் பெயரோடேயே இருந்து வந்ததையும் இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பெயரை மாற்ற விரும்புகிறவருக்கு அங்கே இரண்டு வழிகள் உண்டு. கணவரின் குடும்பப் பெயரை எடுப்பதென்றால் விவாகச் சான்றிதழே பொதுவாகப் போதுமானது. வேறு விதமாக மாற்றுவதென்றால் 'டீட் போல்' எனப்படும் பெயர்மாற்ற ஆவணம் எழுதவேண்டும். பதினாறு வயது நிரம்பியவர் அதனைத் தாமே எழுதிச் சாட்சிகள் முன் கையொப்பமிடலாம். கேட்பதற்கு மிக இலகுவாகத்தான் இருக்கிறது. ஆனால் குடியேறிச் சென்ற மனைவிக்கு விடயம் அதோடு முடிவதில்லை. அவளுடைய பெயர் இரண்டு நாடுகளின் ஏடுகளில் இருக்கிறது.

விசா, கடவுச்சீட்டில் உள்ள பெயருக்கே வழங்கப்படுகிறது. ஆங்கிலப் பரீட்சைக்கும், குடியுரிமைக்கு முன் எழுதவேண்டிய 'லைஃப் இன் த யூகே' பரீட்சைக்கும் பதிகின்ற பெயர், காட்டுகின்ற அடையாள ஆவணத்தோடு ஒத்திருக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது, பிரித்தானியக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது வேறு நாட்டின் கடவுச்சீட்டும் வைத்திருந்தால், இரண்டிலும் ஒரே பெயர் இருக்கவேண்டும் என்பது அவர்களின் பொதுவிதி. ஆகவே அங்கே பெயர் மாற்ற ஆசைப்படுகிறவர் முதலில் இலங்கைக் கடவுச்சீட்டில் அதை மாற்றியாக வேண்டும்.

இங்கேதான் வரிசைமுறை முக்கியமாகிறது. இலங்கைப் பிரஜை வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெறும்போது, இரட்டைக் குடியுரிமைக்கு ஒழுங்கு செய்திராவிட்டால், நமது குடியுரிமைச் சட்டப்படி இலங்கைக் குடியுரிமையை இழக்கிறார். இழந்த பிறகு இலங்கைக் கடவுச்சீட்டைத் திருத்தித் தாருங்கள் என்று கேட்க முடியாது. "முதல்ல சிட்டிசன் கிடைக்கட்டும், பேரப் பொறகு பாப்பம்" என்று விடுவது ஆபத்தானது. மாற்றுவதானால் இலங்கைப் பிரஜையாக இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். மிகச் சிறந்தது, ஊரில் இருந்து புறப்படுவதற்கு முன்பே முடிவெடுப்பது.

அப்படி முடிவெடுத்தால் செய்யவேண்டியவை இவை. விவாகச் சான்றிதழின் பிரதிகளைப் போதுமான அளவு எடுத்துக்கொள்ள வேண்டும். நமது விவாகப் பதிவுகள் பெரும்பாலும் தமிழில் இருப்பதால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கில மொழிபெயர்ப்பும் பெறவேண்டும். தேவையென்றால் வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்திக் கொள்ளலாம். பிறகு தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு ஆகியவற்றை மாற்றி, புதிய கடவுச்சீட்டின் பெயரிலேயே விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விசா கிடைத்த பின்னர் மாற்றினால், அதனை அந்நாட்டு உள்துறைக்கு அறிவித்து இணையவழிக் குடிவரவுக் கணக்கையும் புதுப்பிக்க வேண்டும். பழைய கடவுச்சீட்டை ஒருபோதும் வீசிவிடக் கூடாது.

ஒன்றை மறந்துவிட வேண்டாம். திருமணத்தால் பிறப்பத்தாட்சிப் பத்திரம் மாறுவதில்லை. சாதாரண தரச் சான்றிதழும் பட்டச் சான்றிதழும் அப்படியேதான் இருக்கும். பெயரை மாற்றிய பெண், தன் படிப்பைக் காட்டும் இடமெல்லாம் விவாகச் சான்றிதழையும் கூடவே காட்ட வேண்டியிருக்கும். மாறாக, நிகாஹ் மட்டும் முடித்துப் பதிவு செய்யாதவர்களிடம் அந்த இணைப்புத் தாளே இருக்காது. இங்கிலாந்திலும் பள்ளிவாசலில் நடக்கின்ற நிகாஹ், அந்நாட்டுச் சட்டப்படி பதிவாகாவிட்டால் சட்ட ரீதியான விவாகமாகாது. பெண்ணைப் பெற்றவர்கள் இதில் கவனமாக இருக்கவேண்டும்.

பெயரை மாற்றாமல் விட்டால் என்ன நட்டம்? சட்டப்படி எதுவுமில்லை. வாப்பாவின் பெயரோடேயே விசாவும் நிரந்தர வதிவிடமும் குடியுரிமையும் பெறலாம். பிள்ளைகளோடு தனியே பயணம் செய்யும்போது, குடும்பப் பெயர் வேறாக இருப்பதால் எல்லை அதிகாரிகள் உறவை நிரூபிக்கச் சொல்லக்கூடும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் விவாகச் சான்றிதழும் கைப்பையில் இருந்தால் போதும்.

மற்ற நாடுகளும் ஒரே மாதிரியில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் கணவனும் மனைவியும் தத்தம் பிறப்புப் பெயரையே சட்டப் பெயராக வைத்திருக்கிறார்கள். கிரேக்கத்தில் 1983இலிருந்து பெண்ணின் குடும்பப் பெயர் திருமணத்தால் மாறுவதில்லை. ஜப்பானில் நேர்மாறு. தம்பதியர் ஒரே குடும்பப் பெயரை எடுக்கவேண்டும் என்கிறது அந்நாட்டுச் சிவில் சட்டத்தின் 750ஆம் பிரிவு; ஆனால் ஜப்பானியரை மணக்கின்ற வெளிநாட்டவரை அது கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே "வெளிநாட்டில் எல்லாரும் மாற்றுவார்கள்" என்ற பேச்சு சரியல்ல.

மார்க்க நோக்கில் கேட்பவர்களுக்கு: தந்தையரின் பெயரைக் கொண்டே அழைக்கச் சொல்லும் கட்டளை அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் ஐந்தாம் வசனத்தில் இருக்கிறது. அது வளர்ப்புப் பிள்ளைகள் தொடர்பாக வந்தது. அதனை மனைவியருக்கும் விரித்துப் பெயர் மாற்றத்தைத் தடுக்கும் அறிஞர்களும் உண்டு. வம்சத்தை மறைக்காமல் ஓர் அடையாளத்துக்காகச் சேர்ப்பது அதில் அடங்காது என்போரும் உண்டு. நபியவர்களின் மனைவியரை ஆயிஷா பின்த் அபூபக்கர், ஹப்ஸா பின்த் உமர் என்றுதான் நாம் இன்றும் அறிகிறோம். கிழக்கிலங்கையில் நமக்கு இன்னொன்றும் இருக்கிறது. குடி, தாய்வழியாக வருகிறது. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். அந்த மண்ணில் பிறந்த பிள்ளையிடம் மாமனாரின் பெயரை எடு என்றால் அவள் தடுமாறத்தான் செய்வாள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, "ஒண்ட முடிவு மகள், ஆனா மாத்தத்தான் வேணும் எண்டு எந்தச் சட்டமும் இல்ல" என்று பதில் அனுப்பினேன். அன்றிரவே பதில் வந்தது. "அப்ப உடுறன் டீச்சர். வாப்பா மௌத்தாகி ரெண்டு வருசம். ஆனா வேற ஒரு பிரச்சின இரிக்கி. ஓ.எல். சேட்டிபிகேட்ல பாத்திமாவுல ஒரு 'எச்' இல்ல. பாஸ்போட்ல இரிக்கி. வேலைக்குக் கேக்காங்க."

எனக்கு நெஞ்சு திக்கென்றது. அந்த வருடம் பதினோராம் தரத்தின் வகுப்பாசிரியை நான்தான். தமிழில் இருந்த பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைப் பார்த்துப் பரீட்சை விண்ணப்பத்தில் ஆங்கிலத்தில் பெயரை எழுதியது என் கை. இரண்டு எழுத்தும் ஒரே ஆளுடையதே என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி முடிக்க, அவளுடைய உம்மாவோடு அடுத்த நாளே போனேன்.

இப்போது விண்ணப்பம் நிரப்பும் காலம் வந்தால், பிள்ளைகளிடம் கடவுச்சீட்டு இருக்கிறதா, வீட்டில் ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டு, பெற்றோரிடம் எழுதி வாங்கிய பிறகுதான் பேனாவை எடுக்கிறேன். மற்ற ஆசிரியர்களும் அப்படிச் செய்தால் நல்லது.