மூடிய கதவுக்கு அப்பால்...

தீமையைத் தடுப்பது கடமை. அக்கடமையை நிறைவேற்றும் அரசுக்கு எல்லை உண்டா?

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஒரு வீட்டின் சுவரேறிச் சென்று, உள்ளே பாவத்தில் இருந்தவரைக் கண்டித்த செய்தியை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதுகிறார்கள். தாம் செய்தது ஒரு குற்றமென்றால் கலீஃபா செய்தவை மூன்று என்றார் அம்மனிதர்: துருவி ஆராய்ந்தது, வாசல் வழியே வராதது, ஸலாம் கூறி அனுமதி பெறாதது. மூன்றும் திருக்குர்ஆன் தடுத்தவையே! தவ்பா செய்யுமாறு கூறி உமர் (ரலி) அவரை விட்டுவிட்டார்கள்.

கி.பி. 1058-இல் மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) இவ்வெல்லையைச் சட்டமாகவே வகுத்தார்கள். சந்தையையும் ஒழுக்கத்தையும் கண்காணிக்கும் முஹ்தஸிப், பகிரங்கத் தீமையைத் தடுக்கலாம், மறைவானதைத் தோண்டலாகாது. ஒரு வீட்டிலிருந்து தகாத கேளிக்கை ஒலி கேட்டாலும் வெளியில் நின்றே தடுக்க வேண்டும், உள்ளே நுழையலாகாது. கொலை போன்ற, பின்னர் ஈடுசெய்ய இயலாத கேடு நிகழவிருப்பதாக நம்பகமானவர் அறிவித்தால் அது வேறு.

சவூதி அரேபியாவின் ஒழுக்கக் காவலர்களுக்கு மக்களைப் பின்தொடரவும் கைது செய்யவும் இருந்த அதிகாரத்தை, 2016 ஏப்ரலில்தான் அந்நாட்டு அமைச்சரவை நீக்கியது.

நம் தெருக்களில் அரசுகூடத் தேவையில்லை, செல்பேசியே சுவரேறுகிறது! அண்டை வீட்டுப் பிள்ளைகளைப் படம்பிடித்துக்கொண்டு ஜமாஅத்தாரிடம் வருவோரிடம் நான் முதலில் கேட்பது, இதை நீங்கள் எவ்வாறு அறிந்தீர்கள் என்பதையே.